ஏட்டில் ஏறாத பெயர்



பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலே ‘பாடு’ என்றொரு பழைய வழக்கம் உண்டு. ஏரியில் வலை கட்டும் இடங்களை, உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே அது. தந்தைக்குப் பின் அவ்வுரிமை எவருக்கு என்பதை ஊரார் அறிவர்.

வீட்டுக்கோ ஊரறிவு மட்டும் போதாது. கிரயப் பத்திரம், 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிவாகிறது. பட்டா வருவாய்த் துறையின் பொறுப்பு. வீட்டு வரியோ, 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சி விதிப்பது. ஓர் ஏட்டில் பெயர் மாறியதனால் மற்றவற்றிலும் மாறிவிட்டதென்று எண்ணலாகாது.

தந்தை இறந்து வீடு மக்களுக்கு வருங்கால், கிரயப் பத்திரமும் இராது. ஊராட்சிக்குச் செய்தி சொல்ல நம்மையன்றி யார் உளர்? இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணைத்து எழுத்தில் விண்ணப்பித்தல் வேண்டும். இன்றேல், வரி கேட்கும் அறிவிப்பு மறைந்தவர் பெயருக்கே வந்துகொண்டிருக்கும்.

வரி ரசீது ஒன்றே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. ஆயினும் துணைச் சான்றாக நிற்கும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கிற்று. வீடு இடிந்தபின் ‘இஃது எவருடையது?’ என்ற வினா எழுந்தால், சுவர் வந்து சாட்சி சொல்லாது, ஏடுதான் சொல்லும்.

இன்று இல்லம் சென்றதும் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது யார் பெயர்?