பழைய காருக்குப் புதிய வில்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் அயல்வீட்டு இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய தந்தையார் நெடுங்காலம் கண்ணுங் கருத்துமாகப் பேணிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் அண்மையில் அவர் கைக்கு வந்திருந்தது. "மாமா, காரை இரண்டு அங்குலம் பதிக்க வேண்டும். முன் வில்லில் இரண்டு சுற்றை வாளால் அறுத்துவிட்டால் போதும் என்கிறார்கள். உங்கள் ஜாக்கியைத் தந்தால் ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடுவேன்" என்றார்.

நான் உடனே ஜாக்கியைக் கொடுக்கவில்லை. "இருங்கள் தம்பி, முதலில் பேசுவோம்" என்றேன். அன்று அவருக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்குஞ் சொல்ல விரும்புகிறேன்.

அவருடைய கார் எத்தகையது என்பதை முதலிற் கூறுதல் வேண்டும். இத்தாலிய வடிவமைப்பாளர் பினின்பரீனாவின் கைவண்ணத்தில் உருவான கேம்பிறிட்ஜ் கார்கள் 1959 ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கின. அவற்றுள் ஏ 60 என்னும் வகை 1961 முதல் 1969 வரை உற்பத்தி செய்யப்பட்டது. பின்புறத்தில் தகட்டுவில்லும், முன்புறத்திற் சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருள்வில்லும் இவற்றுக்கு உண்டு. இத்தகைய பழைய பிரித்தானியக் கார்கள் நம் நாட்டவர்க்குப் புதியனவல்ல. 1990களில், பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணத்திற் பெற்றோலின்றி மண்ணெண்ணெயிலேயே இவை ஓடின. வீட்டு முற்றத்திலேயே பழுது பார்க்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியமைக்கு அக்காலமும் ஒரு காரணமாகும். அந்தத் துணிவு பாராட்டுக்குரியது. ஆயினும் துணிவோடு அறிவுஞ் சேராவிடின் அதனாற் கேடே விளையும்.

காரைப் பதிப்பதால் வரும் நன்மை யாது? ஈர்ப்பு மையம் தாழ்கின்றது. வளைவிலே திரும்பும்போது உடற்பகுதி ஒரு பக்கஞ் சாய்வது குறைகின்றது. இஃது உண்மையே. ஆனால் சில்லு மேலெழுந்து இறங்குவதற்கு விடப்பட்ட இடமும் அதனோடு குறைகின்றது. ஆதலின் காரைப் பதிப்பதற்கென ஆக்கப்படும் வில் குட்டையாக இருப்பது மட்டுமன்றி, முன்னையதிலும் விறைப்பாகவும் இருத்தல் வேண்டும். இல்லையேல், குழியொன்றில் விழுந்தவுடன் கீழ்க்கை சட்டத்திலே மோதும்.

"அப்படியாயின் அறுத்தால் என்ன? அறுத்த வில்லும் விறைப்பாகுமே" என்று இளைஞர் கேட்டார். நல்ல கேள்விதான். சுற்றுகள் குறையக் குறைய எஞ்சிய வில் விறைப்படைவது மெய்யே. ஆனால் எவ்வளவு விறைப்பு வேண்டும், எவ்வளவு உயரம் வேண்டும் என்னும் இரண்டையும் ஒரே வெட்டினால் தீர்மானிக்க முடியாது. உயரத்தை நோக்கி அறுத்தால் விறைப்புத் தன் போக்கில் அமையும். மேலும், வில்லின் நுனி அதன் இருக்கையிற் செம்மையாகப் படியும்படி ஆக்கப்பட்டது. அறுத்த நுனி அவ்வாறு படியாதிருக்கக்கூடும். தீச்சுவாலையால் வில்லைச் சூடாக்கித் தாழ்த்துவோரும் உளர். அஃது இன்னுங் கொடிது. வில்லுருக்குக்கு வலிமை தருவது அளவறிந்து செய்த சூட்டுப்பதம். அப்பதத்தைக் கெடுத்தபின் அவ்வில்லை நம்பிக் குடும்பத்தாரை ஏற்றிச் செல்லலாகாது. எனவே, அவ்வகைக் காருக்கென ஆக்கப்பட்ட வில்லை, இரு பக்கத்துக்குஞ் சோடியாக வாங்குவதே முறை.

இன்னுமொரு கணக்கும் உண்டு. இக்காரில் வில், சில்லின்மேல் நேராக நிற்பதில்லை. கீழ்க்கையின் இடையே, உட்புறமாக நிற்கின்றது. கீழ்க்கை ஒரு நெம்புகோல். வில் அதன் நடுவில் நிற்பதாகக் கொள்வோம். சில்லின்மேல் 300 கிலோ பாரம் இருப்பின், வில் தாங்குவது 600 கிலோவாகும். அஃதாவது பன்னிரண்டு சீமெந்து மூடைகளின் பாரம். அவ்வாறே வில்லில் அரை அங்குலங் குறைந்தால் காரின் உயரத்தில் ஓர் அங்குலங் குறையும். இரண்டு சுற்றை அறுக்கப் புறப்பட்ட நம் இளைஞர் இதைக் கேட்டதும் சற்றே மௌனமானார்.

இனி, யான் இன்று பேச வந்ததன் உட்பொருளைக் கூறுகிறேன். காரை ஜாக்கியால் உயர்த்திச் சில்லைக் கழற்றிவிட்டால் வில் தளர்ந்துவிட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். அது தளரவில்லை. கீழ்க்கை ஓர் எல்லைக்குமேல் இறங்காதபடி தடுக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லையிலும் வில் நெருக்குண்டே இருக்கிறது. நாண் ஏற்றிய வில்லைப் போல, அசையாதிருக்கும் வேளையிலும் அது விசையோடு இருக்கிறது. கார் கொட்டகையில் உறங்கலாம், வில் உறங்குவதில்லை.

இளமையில் இதை யான் அறிந்திருக்கவில்லை. ஒரு நாள், வில்லைத் தாங்கும் கிண்ணத்தின் நட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக முற்றாகக் கழற்றினேன். கடைசிப் போல்டின் புரி அறுந்தது. வில் பாய்ந்து சென்று கொட்டகையின் தகரச் சுவரைக் கிழித்தது. அச்சுவரின் அருகே என் தம்பி நின்றிருந்தான். அம்மா தேநீர் குடிக்க அழைத்ததால் அக்கணத்துக்குச் சற்று முன்னரே உள்ளே சென்றிருந்தான். அந்தத் தகரத்தின் கிழிசலை இன்றைக்கும் என்னால் மறக்க இயலவில்லை.

ஆகவே, செய்யும் முறையைக் கவனமாகக் கேளுங்கள். காரின் திருத்த வேலைக்கான கைநூலை அருகில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். கைநூல் சொல்வதற்கு மாறாக எதையுஞ் செய்யலாகாது.

முதலாவது, அளத்தல். சமதரையிற் காரை நிறுத்தி, ரயர்களிற் காற்றைச் சரிபார்த்து, சில்லின் நடுவிலிருந்து அதன் மேலுள்ள மட்காட்டின் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுதல் வேண்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாளே எண்ணெய் இடுதல் நன்று.

இரண்டாவது, தாங்குதல். கைப்பிறேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். காரை உயர்த்துவதற்குத்தான் ஜாக்கி, தாங்குவதற்கு அன்று. இரும்புத் தாங்கிகளைக் கைநூல் காட்டும் உறுதியான இடங்களில் வைத்துக் காரை அவற்றின்மேல் இறக்க வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்குவது பேராபத்து. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். முற்றம் மணலாயின் தாங்கி புதையும். ஆதலின் சீமெந்துத் தரையிலேயே இவ்வேலையைச் செய்க. தாங்கிகளில் இருத்தியபின் காரைக் கையால் அசைத்துப் பார்த்து, அசையாதென்று கண்ட பின்னரே அருகிற் செல்லுக. கழற்றிய சில்லைக் காரின் கீழே கிடத்தி வைத்தால் அதுவும் ஒரு காவலாகும்.

மூன்றாவது, விசையைத் தணித்தல். கிண்ணத்தின் கீழே ஜாக்கியை அணைத்து வைத்து, எதிரெதிரான இரு போல்டுகளை மட்டுங் கழற்றி, அவ்விடங்களில் முழுநீளமும் புரியுள்ள, உயர்ந்த வலிமையுடைய நீண்ட போல்டுகளைச் செலுத்துக. வில் முற்றாக விரிந்த பின்னரும் போல்டில் நீளம் எஞ்சியிருத்தல் வேண்டும். புரிக்குக் கிறீஸ் பூசுக. பிறகு ஏனையவற்றைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல இறக்கி, நீண்ட போல்டுகளின் நட்டுகளை இப்பக்கஞ் சிறிது, அப்பக்கஞ் சிறிது என மாறி மாறித் தளர்த்துக. வில் கைக்கு ஆடும் வரை கிண்ணத்தின் நேரே முகத்தையோ கையையோ கொண்டுசெல்லலாகாது. பிள்ளைகளை அவ்விடத்துக்கு வரவிடலாகாது. 'பதறிய காரியஞ் சிதறும்' என்னும் முதுமொழி இவ்விடத்தில் சொல்லுக்குச் சொல் உண்மையாகும்.

நான்காவது, பூட்டுதல். புதிய வில்லைப் பழையதன் அருகே நிறுத்தி, விட்டமும் நுனியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க. நுனியை அதன் இருக்கையிற் பொருத்தி, கழற்றிய அதே முறையைத் தலைகீழாகச் செய்க. றப்பர் புஷ்களைப் பிணிக்கும் நட்டுகளைக் காரை உயர்த்தி வைத்தபடியே இறுக்கிவிடக் கூடாது. காரை இறக்கி, சற்று முன்னும் பின்னும் உருட்டி, அதன் பாரம் சில்லுகளில் அமர்ந்தபின் இறுக்க வேண்டும். இல்லாவிடின் றப்பர் எந்நேரமும் முறுக்குண்டு விரைவில் அழியும்.

முன்புறத்தைப் பதித்தால் பின்புறத்தையும் நோக்க வேண்டும். பின்னச்சு தகட்டுவில்லின் மேல் அமர்ந்துள்ள கார்களில் இரண்டுக்கும் இடையே உரிய இரும்புக் கட்டையும், அதற்கேற்ற நீண்ட யூ வடிவப் போல்டுகளும் இடுவர். உயரம் மாறியபின் முன்சில்லுகளின் நேர்மையை மறுபடி அளந்து திருத்துதல் வேண்டும். தவறினால் ரயர் ஒரு பக்கமாகத் தேயும். பிறேக் குழாய் எங்கும் உராயாதிருத்தலையும், முன்விளக்கின் ஒளி விழும் இடத்தையும், அதிர்வடக்கியின் எண்ணெயையும் பார்த்துக்கொள்க. விறைத்த வில்லைக் களைத்த அதிர்வடக்கியால் அடக்க முடியாது.

நம் இளைஞருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை இருவருமாக முதலில் அளந்தோம். சாரதி அமரும் பக்கம் மற்றைப் பக்கத்திலும் முக்கால் அங்குலந் தாழ்ந்திருந்தது. ஆண்டாண்டாகப் பாரந் தாங்கிய பழைய வில் ஒன்று, எவருக்குஞ் சொல்லாமலே தளர்ந்துவிட்டது. சில்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தபோது, கீழ்க்கையின் முனையிலுள்ள ஊசியும் தேய்ந்து ஆடியது. அந்தக் காரிலேதான் அவர் தம் தாயாரை மாதந்தோறும் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று கொண்டிருந்தார்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அறுத்திருந்தால் இதைக் கண்டிருக்கவே மாட்டேன், மாமா" என்றார். தேய்ந்த பாகங்களை முதலில் மாற்றினார். பின்பு, நம் வீதிகளின் குழிகளையும் வேகத்தடைகளையும் எண்ணி, இரண்டு அங்குலத்தை ஒன்றாகக் குறைத்துக்கொண்டு, சோடி வில்களை வாங்கி வந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. விரல் ஒன்றிலுங் காயமில்லை. சில நூறு மைல்கள் ஓடியபின் நட்டுகளையும் உயரத்தையும் மறுபடி பார்த்தோம். இப்போது கார் இரு பக்கமுஞ் சமமாக நிற்கின்றது. வளைவிலும் நிதானமாகத் திரும்புகின்றது.

நேயர்களே, பழைய காரை நம் கையாலேயே திருத்துவதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. அம்மகிழ்ச்சியை எவரும் இழக்க வேண்டியதில்லை. விசையை அடக்கி வைத்திருக்கும் எப்பொருளையும் சிறிது சிறிதாகவே விடுவிக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதிருங்கள். அதற்கு வேண்டிய கருவியும் நேரமும் இல்லையெனில், அறிந்த ஒருவரிடம் வேலையை ஒப்படைப்பதில் இழிவொன்றுமில்லை.