ஒட்டகத்தைக் கட்டி வைப்போம்: இல்லத்தின் காவலும் அண்டை வீட்டாரின் உரிமையும்

(ரமளானுக்கு முந்திய வாரத்தில், இஷா தொழுகைக்குப் பின் ஜமாஅத்தார் முன்னிலையில் நமது இமாம் ஹழ்ரத் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ரமளானின் சிறப்புகளைப் பேசவேண்டிய வேளையில் பூட்டையும் தாழ்ப்பாளையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. இன்னும் சில நாட்களில் நம் வீடுகளில் ஆண்களும் பெண்களுமாகத் தராவீஹுக்குப் புறப்படுவோம். ஒரு மாதம் முழுவதும், ஒவ்வோர் இரவும், ஒரே நேரத்தில், ஒன்றரை மணி நேரம் வீடு பூட்டிக் கிடக்கும். பெருநாள் நெருங்க நெருங்க வீட்டில் ரொக்கமும் நகையும் சேரும். பெருநாள் கழிந்ததும் பலர் சொந்த ஊர் செல்வர். சிலர் உம்ராவுக்குப் பயணமாவர். இவையெல்லாம் நமக்கு நன்மையின் நாட்கள். வீட்டை நோட்டமிடும் திருடனுக்கோ முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கால அட்டவணை.

நம் பகுதியின் அமைப்பும் அவனுக்குத் துணை செய்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடியின் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு முறையில் வேலை. கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் வீடுகள் பகலெல்லாம் பூட்டியிருக்கின்றன. பட்டாபிராம், திருமழிசைப் பக்கத்துப் புதிய மனைப்பிரிவுகளில் ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே காலி மனைகளும் முட்புதர்களும் கிடக்கின்றன. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நமக்குப் பயணத்தை எளிதாக்கியது போலவே, வந்தவன் விரைந்து தப்பவும் வழி திறந்துவிட்டது. 2022 ஜனவரி முதல் ஆவடிக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் இயங்கி வருகிறது. ஆயினும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது.

தவக்குல் என்பது எது?

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டுப் படுப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று கேட்ட ஒருவருக்கு, கட்டிவிட்டே நம்பும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. இரவில் அல்லாஹ்வின் பெயர் கூறிக் கதவுகளை அடைக்குமாறும், விளக்குகளை அணைக்குமாறும் அவர்கள் பணித்ததை புகாரீயிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். இறைவனின் பெயரும் தாழ்ப்பாளும் அங்கே சேர்ந்தே வருகின்றன.

நம் ஃபிக்ஹு நூல்களில் திருட்டைப் பற்றிய பாடத்தில் 'ஹிர்ஸ்' என்றொரு சொல் உண்டு. ஒரு பொருளை வைப்பதற்குத் தகுதியான பாதுகாப்பிடம் என்பது அதன் பொருள். திருடனுக்குரிய வரையறுக்கப்பட்ட தண்டனையைப் பேசும் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர், பொருள் அதற்குரிய ஹிர்ஸிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தனர். ஹிர்ஸ் பொருளுக்குப் பொருள் மாறும் என்றும், அதை ஊர் வழக்கமே தீர்மானிக்கும் என்றும் விளக்கினர். விறகுக்கு வேலி போதும். தங்கத்திற்கு அது போதாது.

இன்னும் ஒன்று. ஒருவரிடம் அமானிதமாக ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவின்றித் தொலைந்தால் அவர் பொறுப்பாளி அல்லர். தகுதியற்ற இடத்தில் வைத்துத் தொலைத்தாலோ ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவராகிறார். நம் வீட்டு பீரோவில் உள்ள நகையெல்லாம் நம்முடையதுதானா? மனைவியின் மஹர் அவளுக்கே சொந்தம். மணமாகிச் சென்ற சகோதரியின் நகை, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய பணம், சில வீடுகளில் ஏழைகளுக்குப் பங்கிட வேண்டிய ஜகாத் தொகை ஆகியவையும் அங்கே இருக்கின்றன. ஆகவே வீட்டைக் காப்பது வசதி படைத்தவரின் கவலை மட்டுமன்று. அமானிதம் சுமக்கும் ஒவ்வொருவரின் கடமை.

காவலின் வரிசை

கேமரா வாங்கினால் காவல் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். திருடன் அஞ்சுவது மூன்றிற்கு: உள்ளே புக நேரமாவது, பிறர் கண்ணில் படுவது, சத்தம் எழுவது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக (சார்லட்) ஆய்வாளர்கள் திருட்டு வழக்குகளில் தண்டனை பெற்ற 422 பேரிடம் விசாரித்து 2012-இல் முடித்த ஆய்வில், நூற்றுக்கு 83 பேர் அந்த வீட்டில் அலாரம் உண்டா என்று முதலில் பார்ப்பதாகக் கூறினர். ஆகவே வந்தவனைப் பிடிப்பதற்கு முன், அவனை வரவிடாமல் செய்யும் வழிகளையே தேடவேண்டும்.

முதலாவது கதவு. பூட்டைப் பலரும் பார்த்து வாங்குகின்றனர். அதைத் தாங்கும் கொண்டியைப் பார்ப்பதில்லை. திண்டுக்கல் பூட்டு எவ்வளவு உறுதியாயினும், அரை அங்குலத் திருகாணியில் நிற்கும் கொண்டியைக் கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினால் பூட்டு பூட்டியபடியே கையோடு வந்துவிடும். கொண்டியைக் கதவின் மறுபுறம் வரை ஊடுருவும் போல்ட்டு போட்டு, உட்புறம் நட்டு வைத்து முடுக்குங்கள். வெளியே தொங்கும் பெரிய பூட்டு, வீட்டில் ஆளில்லை என்பதற்கு விளம்பரப் பலகை. கதவுக்குள்ளேயே பதிக்கும் பூட்டு அந்தச் செய்தியைச் சொல்லாது. முன்கதவைத் தேக்கில் செய்துவிட்டுக் கொல்லைக் கதவையும் மொட்டைமாடிக் கதவையும் மெல்லிய பலகையில் விட்டுவிடாதீர்கள். சாவியைப் பூந்தொட்டியின் கீழும், செருப்பு அலமாரியிலும், மீட்டர் பெட்டியிலும் வைக்கும் வழக்கம் ஊரறிந்த இரகசியம். பீரோ சாவியை பீரோவின் மேலேயே வைப்பதும் அத்தகையதே.

இரண்டாவது வெளிச்சம். வாசலிலும் கொல்லையிலும், ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும் சென்சார் விளக்கு பொருத்துங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். எரியாத தெருவிளக்கைப் பற்றி மாநகராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஆள் மறையுமளவு வளர்ந்த செடிகொடிகளை வெட்டி விடுங்கள்.

மூன்றாவது தங்கம். அன்றாடம் அணியாத நகைக்கு ஹிர்ஸ் வங்கி லாக்கரே. லாக்கருக்குக் கொடுப்பது இடத்திற்கான வாடகை; அது வட்டியன்று. ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, திருட்டாலோ தீயாலோ ஊழியர் மோசடியாலோ லாக்கரில் உள்ளது பறிபோனால், ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். நகைகளைப் புகைப்படம் எடுத்து, எடையையும் ரசீதையும் சேர்த்து வையுங்கள். 2023 ஏப்ரல் முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. குறியீடு இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பறிபோன நகை மீட்கப்படும்போது அது உங்களுடையதே என்று நிலைநாட்ட இது உதவும்.

வீட்டில் என்ன இருக்கிறது என்பதை ஊருக்குச் சொல்லாமல் இருப்பதும் காவலே. 2022 ஆகஸ்டு 13 அன்று அரும்பாக்கத்தில் ஒரு நகைக்கடன் நிறுவனக் கிளையில் 31 கிலோவுக்கும் மேற்பட்ட தங்கம் கொள்ளை போனது. சில நாட்களில் தங்கத்தைக் காவல் துறை மீட்டது. முதன்மையானவராகக் கைதானவர் அதே நிறுவனத்தில் பணிபுரிந்தவர். இரும்பு லாக்கர்கள் இருந்த இடத்திலேயே, உள்விவரம் அறிந்தவர் இருந்தால் இந்நிலை. அப்படியிருக்க, நாம் நிக்காஹ் நகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இடுகிறோம். விமான நிலையத்தில் நின்றுகொண்டு குடும்பத்தோடு புறப்படுவதை அறிவிக்கிறோம்!

அலாரமும் கேமராவும்

இவை மூன்றும் அமைந்தபின் கருவிகளுக்கு வாருங்கள். கதவு திறந்தால் ஒலிக்கும் காந்த சென்சார் அலாரம் கேமராவை விட மலிவு. நடக்கும்போதே சத்தமிடுவதால் அதற்கே முதலிடம். கேமரா பெரும்பாலும் நடந்ததைச் சொல்லும் சாட்சி. சாட்சிக்கும் பயன் உண்டு. சென்னை மாநகரக் காவல் ஆணையராக ஏ.கே. விஸ்வநாதன் இருந்த காலத்தில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமராக்கள் அமைக்கப்பட்டன. ஆயினும் வாங்குமுன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

கேமராவை முகம் தெரியும் உயரத்தில் வாசலை நோக்கி வையுங்கள். மிக உயரத்தில் வைத்தால் தலைமுடி மட்டுமே பதிவாகும். இரவிலும் பதியுமா என்று கடையிலேயே கேளுங்கள். பதிவுப் பெட்டியான டி.வி.ஆரைத் தொலைக்காட்சியின் அருகில் வைக்காதீர்கள். போகும்போது திருடர் அதையும் எடுத்துச் சென்ற நிகழ்ச்சிகள் உண்டு. பூட்டிய அலமாரிக்குள் வைத்து, மின்தடையிலும் இயங்க இன்வெர்ட்டருடன் இணையுங்கள். கருவியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2016-இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள், பாஸ்வேர்டு மாற்றப்படாத ஏராளமான கேமராக்களையும் டி.வி.ஆர்களையும் உலகெங்கும் தன்வசப்படுத்தியது. வீட்டைக் காக்க வைத்த கண், அந்நியன் நம் வீட்டைப் பார்க்கும் கண்ணாகிவிடக் கூடாது. கூடத்திலும் படுக்கையறையிலும் கேமரா வேண்டாம்.

அண்டை வீட்டாரின் உரிமை

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ஒருவர் கதவின் துவாரம் வழியே வீட்டினுள் எட்டிப் பார்த்தபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்டு நுழையும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் விதிக்கப்பட்டது என்று உணர்த்தினார்கள். நம் கேமரா அடுத்த வீட்டின் வாசலையோ சன்னலையோ துணி காயப்போடும் மாடியையோ பார்க்குமானால், அது இருபத்து நான்கு மணி நேரமும் எட்டிப் பார்க்கும் கண் ஆகாதா? அண்டை வீட்டார் முஸ்லிமாயினும் மாற்று மதச் சகோதரராயினும் இந்த உரிமை ஒன்றே. பொருத்தும் நாளில் அவரை அழைத்து, திரையில் என்ன தெரிகிறது என்று காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் கோணத்தை மாற்றுங்கள்.

அதேபோல், காவல் என்ற பெயரில் வீண் சந்தேகம் வேண்டாம். 1995 முதல் பத்தாண்டுகள், வடமாநிலங்களிலிருந்து லாரிகளில் வந்த ஒரு கும்பல் தமிழகத்தின் நெடுஞ்சாலையோர வீடுகளைத் தாக்கிக் கொலையும் கொள்ளையும் புரிந்தது. 2005 ஜனவரியில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையம் அருகே, கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையிலான காவல் படை வடமாநிலங்கள் வரை தேடிச் சென்று அக்கும்பலைப் பிடித்தது. அந்த வழக்கு 'பவாரியா' என்ற ஒரு சமூகத்தின் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது. குற்றம் செய்தோர் சிலர். பழியோ அப்பெயருடைய அனைவர் மீதும் விழுந்தது. ஒருவரின் குற்றத்திற்காக ஒரு கூட்டமே பழி சுமப்பது எவ்வளவு வேதனை என்பதை நம் சமுதாயம் நன்கறியும். தொழிற்பேட்டையில் உழைக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளரைக் கண்டதும் திருடனைப் போல் நோக்குவது, ஆதாரமற்ற எண்ணங்களைத் தவிர்க்கச் சொல்லும் குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்திற்கு மாறானது. சந்தேகம் வலுத்தால் காவல் துறைக்குத் தெரிவியுங்கள். எவர் மீதும் கை வைக்காதீர்கள்.

விலையில்லாக் காவல்

இங்கிலாந்தில் ராக்டேல் நகரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களின் நடுவில் வீட்டுத் திருட்டு மிகுந்திருந்தது. எரிவாயுவுக்கும் மின்சாரத்திற்கும் காசு போடும் பெட்டிகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. திருடர்களை ஈர்த்தவற்றில் அவை முக்கியமானவை. ஒருமுறை திருடப்பட்ட வீடே மீண்டும் திருடப்படுவதையும் ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே காசுப் பெட்டிகளை அகற்றினர். கதவு சன்னல்களை வலுப்படுத்தினர். திருட்டு நடந்த வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீட்டார் அளவில் ஒன்றுசேர்ந்து அதைக் கண்காணிக்கச் செய்தனர். மூன்றாண்டுகளில் திருட்டு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆறு வீட்டாரின் கண்கள் செய்யும் காவலை எந்தக் கருவி தனித்துச் செய்யும்?

எனவே ஜமாஅத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ரமளான் பிறை காணுமுன் ஒவ்வொரு தெருவிலும் ஐந்தாறு வீட்டார், எம்மதத்தவராயினும், ஒருவர் எண்ணை ஒருவர் பெற்றுக்கொள்ளுங்கள். ஊருக்குச் செல்பவர் அடுத்த வீட்டில் சொல்லிச் செல்லட்டும். வாசலில் சேரும் பால் பாக்கெட்டையும் நாளிதழையும் அவர் எடுத்து வைக்கட்டும். மாலையில் விளக்குப் போடட்டும். காவல் நிலையத்திலும் தகவல் கொடுங்கள். காவல் துறையே அதைக் கேட்டுக்கொள்கிறது. தராவீஹுக்கு எல்லோரும் ஒன்றாகப் புறப்படாமல், ஒரு வீட்டில் ஒருவரேனும் முறைவைத்துத் தங்குங்கள். வீட்டில் தொழும் தராவீஹும் தராவீஹே.

திரும்பி வரும்போது கதவு உடைந்திருக்கக் கண்டால் உள்ளே நுழையாதீர்கள். திருடன் உள்ளேயே இருக்கக்கூடும். எதையும் தொடாமல், 100 அல்லது 112 எண்ணை அழையுங்கள். கைரேகை அழிந்தால் துப்பும் அழியும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது உங்கள் உரிமை. பொருளைக் காக்க உயிரைப் பணயம் வைக்காதீர்கள். காவலில் முதல் அமானிதம் உயிரே.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களையும், அண்டை வீட்டாரின் இல்லங்களையும் பாதுகாப்பாயாக. எங்கள் கைகளையும் கண்களையும் பிறருக்குத் தீங்கு செய்யாதவையாக ஆக்குவாயாக. வறுமையாலும் தீய நட்பாலும் திருட்டில் வீழ்ந்தோருக்கு நேர்வழியையும் ஹலாலான பிழைப்பையும் அளிப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.