ஊர் மரதனும் ஓடுவோரும்



சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நம் நாட்டின் ஊர்களிலே விளையாட்டு விழாக்கள் நிகழ்வதை யாவரும் அறிவீர்கள். தமிழூராயினும் சிங்கள ஊராயினும் விழாவின் ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றே. கயிறிழுத்தல், முட்டியுடைத்தல், வழுக்குமரம் ஏறுதல், தலையணைச் சண்டை ஆகியவை மாலையில் நடைபெறும். துவிச்சக்கர வண்டி ஓட்டமும் மரதன் ஓட்டமும் காலையில் நடைபெறும். சனசமூக நிலையத்தின் முன்னால் ஒலிபெருக்கி கட்டப்பட்டிருக்கும். இலக்கம் எழுதிய துணியை மார்பிலே குத்திக்கொண்டு முப்பது நாற்பது பேர் வீதியை அடைத்து நிற்பர். சிலர் சப்பாத்து அணிந்திருப்பர், பலர் வெறுங்காலினர். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய ஒருவரும் தவறாது அங்கே இருப்பார். பரிசு மூவருக்கே உண்டென்பதும், அந்த மூவர் யாரென்பதும் அவர்களுக்கு ஏலவே தெரியும். தெரிந்திருந்தும் ஓட வந்த மற்றவர்களைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகின்றேன். அவர்களுள் நானும் ஒருவன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகின்றேன். நம்மூர்களில் மரதன் எனப்படுவது மூன்று மைலாகவும் இருக்கலாம். ஆறு மைலாகவும் இருக்கலாம். வைரவர் கோயிலடியிலே தொடங்கிச் சந்தை வரை சென்று திரும்பினால் அதுவே மரதன். உண்மையான மரதனோ 26 மைல் 385 யார் தூரமுடையது. அந்தத் தூரமும் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டதன்று. 1896ஆம் ஆண்டு அதென்சு நகரில் நவீன ஒலிம்பிக் விழா முதன்முதல் நடைபெற்றபோது ஓட்டக்காரர் ஓடியது ஏறத்தாழ 25 மைல். அதிலே வென்ற ஸ்பிரிடன் லூயி என்பவர் தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர். 1908இல் இலண்டனில் நடந்த விழாவிலே, ஓட்டம் வின்சர் மாளிகையிலே தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடியுமாறு பாதை அமைக்கப்பட்டது. அப்பொழுது ஏற்பட்ட தூரமே 1921இல் விதியாயிற்று. அரசமாளிகையின் வசதியை ஒட்டித் தூரம் கூடலாமென்றால், சந்தையின் வசதியை ஒட்டி நம்மவர் அதனைக் குறைத்துக்கொண்டதிலே பெருங்குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வாறு ஊதியம் கருதாது ஓடுபவரை ஆங்கிலேயர் அமெச்சூர் என்பர். நேசிப்பவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழியின் வழியாக வந்த பெயர் அது. பெயர் அழகியது, அதனை ஆண்டவிதம் அவ்வளவு அழகியதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இங்கிலாந்தின் மெய்வல்லுநர் கழகத்தார் சிலர், கைத்தொழிலாளரும் கூலியாட்களும் அமெச்சூர் ஆகார் என்று விதி எழுதி வைத்திருந்தனர். 1880இல் அமைந்த சங்கம் அவ்விதியைக் கைவிட்டது. ஆயினும் அதன் வாடை நெடுநாள் நீடித்தது. ஜிம் தோர்ப் என்னும் அமெரிக்க இந்தியர் 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் விழாவிலே இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். முன்னொரு காலத்தில் பேஸ்போல் விளையாட்டுக்குச் சிறு ஊதியம் பெற்றாரென்ற காரணத்தால் அடுத்த ஆண்டே அவருடைய வெற்றிகள் நீக்கப்பட்டன. 1982இல் அவை மீட்டளிக்கப்பட்டபோது அவர் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. நேசம் என்ற சொல்லைக் கொண்டு ஏழையை வாசலில் நிறுத்திய கதை இது. நம்மூர் மரதனிலே அத்தகைய வாசற்காவல் இல்லை. கடற்றொழிலாளியும் தபாற்காரரும் பள்ளிச் சிறுவனும் ஒரே கோட்டில் நிற்கின்றனர். பதிவுக் கட்டணமும் பெரும்பாலும் இல்லை.

நான் பாடசாலை ஆசிரியன். ஓடத் தொடங்கியபோது எனக்கு வயது 43. இளமையிலே ஓடிப் பழகியவனல்லன். மாலை வேளைகளில் ஒழுங்கைகளிலே நடந்து, பின்னர் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை ஓடி, அதற்கடுத்தது வரை நடந்து, இவ்வாறு சில மாதங்களில் மூன்று மைல் நில்லாது ஓடும் நிலையை அடைந்தேன். இதிலே எனக்கு நேர்ந்த பெரிய இடையூறு கால்வலியன்று. ஊரிலே வயது வந்த ஒருவன் காரணமின்றி ஓடுவதில்லை. சாவு, பாம்புக்கடி, கன்று கயிறறுத்தல் ஆகிய மூன்றில் ஒன்று நேர்ந்தாலன்றி அவன் ஓடான். ஆகவே முதல் வாரம் முழுவதும் படலைகள் திறந்தவண்ணம் இருந்தன. “வாத்தியார், ஆருக்கு என்ன நடந்தது?” என்று கேட்டுக்கொண்டு ஆச்சி ஒருவர் என் பின்னால் சிறிது தூரம் வந்தேவிட்டார். ஒன்றுமில்லை, சும்மா ஓடுகின்றேன் என்றேன். அந்த விடை அவருக்கு முன்னையதிலும் பெருங்கவலையை அளித்தது போலும். அன்று மாலையே என் மனைவியிடம் வந்து விசாரித்தார்.

அடுத்த ஆண்டு அயலூர் விழாவொன்றில் ஐந்து மைல் மரதனுக்குப் பெயர் கொடுத்தேன். காலை ஏழு மணி என்றார்கள், தொடங்கும்போது ஒன்பதாகிவிட்டது. பிரதம விருந்தினர் வரவேண்டியிருந்தது. வெடியோசை கேட்டதும் சிறுவர் யாவரும் அம்புபோற் பாய்ந்தனர். நானும் வெட்கத்தால் அவர்களோடு பாய்ந்தேன். முதல் மைலிலேயே அதன் பயனை அனுபவித்தேன். பாய்ந்தவருள் பாதிப்பேர் மதகிலே அமர்ந்துவிட்டனர். மூன்றாம் மைலிலே தார்வீதியின் சூடு சப்பாத்தைக் கடந்து உள்ளங்காலைச் சுட்டது. வழியில் ஓரிடத்திற்றான் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் சென்றபோது வாளி கவிழ்ந்து கிடந்தது. ஒரு வீட்டார் தேசிக்காய்த் தண்ணீர் தந்திராவிடின் நானும் மதகடியிலேயே நின்றிருப்பேன்.

இறுதியாக மைதானத்தை அடைந்தேன். முடிவுக் கயிற்றை அவிழ்த்து வேறொரு போட்டிக்குக் கட்டிக்கொண்டிருந்தனர். நேரம் குறிப்பவர் எழுந்து போய்விட்டார். முதல் மூவர் பெயரையும் ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. நான் எவ்விடத்தில் நிற்பதென்று தெரியாமல் மைதானத்தின் நடுவே சற்றுத் தூரம் ஓடி, பின் நடந்து, வேலியோரம் சென்று அமர்ந்தேன். என்னை யாரும் இகழவில்லை, யாரும் கவனிக்கவேயில்லை. என் மனத்தாங்கல் சிறிதே. அன்று எனக்குப் பின்னாலும் இருவர் வீதியிலே இருந்தனர் என்பதை மாலையிற்றான் அறிந்தேன். அவருள் ஒருவன் பதினைந்து வயதுச் சிறுவன். தலைசுற்றி ஒரு கடைத் திண்ணையிலே படுத்திருந்திருக்கின்றான். ஓட்டத்தை நடத்தியோருக்கு அவன் இன்னும் வரவில்லை என்பதே தெரியாது. அவன் நலமாக வீடு சேர்ந்தான். சேராதிருந்திருந்தால் என்ற எண்ணம் என்னை நெடுநாள் விட்டகலவில்லை.

நேயர்களே, கடைசியில் வருபவருக்காகக் காத்திருத்தல் ஒரு மரியாதை என்றே பலரும் கருதுவர். மரியாதைதான். 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் 10,000 மீற்றர் ஓட்டத்திலே நம் நாட்டு இராணுவ வீரர் கருணானந்தா 67ஆம் இலக்கத்தை அணிந்து ஓடினார். மற்றவர் யாவரும் ஓடி முடித்த பின்னரும் அவருக்குச் சில சுற்றுகள் எஞ்சியிருந்தன. தனியராய் அவர் ஓடக் கண்டு முதலிலே நகைத்த கூட்டம், அவர் நில்லாது மேலும் மேலும் சுற்றிவரக் கண்டு கரகோஷம் செய்தது. அவருடைய கதை பின்னர் யப்பானியப் பாடசாலைப் பாடநூலிலும் இடம்பெற்றது. அன்று அந்த அரங்கிலே அவர் வரும்வரை கோடும் இருந்தது, நேரம் குறிப்பவரும் இருந்தார் என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஆயினும் மரியாதையோடு இது முடிந்துவிடுவதில்லை. உயிர்ப் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கின்றது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கிழக்கு மாகாணத்திலே பாடசாலை மரதன் ஓட்டமொன்றில் ஓடிய மாணவன் ஒருவன் இறந்த செய்தியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒலிம்பிக் வரலாற்றிலும் இத்தகைய துயரம் உண்டு. நான் முன்னே குறிப்பிட்ட அதே ஸ்டொக்ஹோம் விழாவிலே, போர்த்துக்கல் நாட்டுத் தச்சர் பிரான்சிஸ்கோ லாசறோ மரதன் ஓட்டத்தின் நடுவே வெயிலில் வீழ்ந்து மறுநாள் இறந்தார். வெயில் சுடாதிருக்கத் தம் உடலிலே மெழுகு பூசியிருந்தாரென்றும், அது வியர்வையைத் தடுத்துவிட்டதென்றும் சொல்வர்.

வியர்வையின் தொழிலை இங்கே விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஓடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ முக்காற்பங்கு வெப்பமாக மாறுகின்றது. அவ்வெப்பத்தை வெளியேற்றுவது வியர்வை. அதுவும் வழிந்தோடும் வியர்வையன்று, உலரும் வியர்வையே. நம் நாட்டுக் காற்றோ ஈரமிக்கது. ஆதலின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. அன்றியும், ஏப்பிரல் 5ஆந் திகதி தொடக்கம் 15ஆந் திகதி வரையுள்ள நாட்களிலே சூரியன் தெற்கிலிருந்து வடக்காக இலங்கையின் ஒவ்வோரிடத்துக்கும் நேர் உச்சியிலே நிற்கின்றது. புத்தாண்டு மரதனுக்கு நாம் தெரிந்தெடுத்த காலம் இதுவே! காலத்தை மாற்றுமாறு நான் கூறவில்லை. புத்தாண்டை மாற்ற என்னால் இயலாது. மணியை மாற்றலாம்.

ஓட்டம் விடிகாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். பிரதம விருந்தினர் பரிசளிப்புக்கு வந்தாற் போதும். ஒவ்வொரு மைலிலும் தண்ணீர் வேண்டும். அது கடைசி ஆளுக்கும் எஞ்சுமளவு வேண்டும். எத்தனை பேர் புறப்பட்டனர், எத்தனை பேர் திரும்பினர் என்று எண்ணும் ஒருவர் வேண்டும். எல்லாருக்கும் பின்னால் துவிச்சக்கர வண்டியிலே ஒருவர் மெதுவாக வரவேண்டும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. காய்ச்சலில் எழுந்தவனையும், ஓடும்போது முன்னர் எப்போதாவது நெஞ்சு நொந்தவனையும் மயங்கியவனையும் வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை ஓடவிடலாகாது. வெயிலிலே ஓடுபவன் தள்ளாடினாலோ, பொருத்தமின்றிப் பேசினாலோ அதனைக் களைப்பென்று எண்ணி இருந்துவிடக் கூடாது. உடனே நிழலிலே கிடத்தி, வைத்திய உதவிக்கு ஆளனுப்பி, அது வருமுன்னரே உடலைக் குளிரச் செய்தல் வேண்டும். நம்மூர்த் தோட்டக் கிணற்றடித் தொட்டிகள் இதற்கு மிக ஏற்றவை. தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை நீரில் அமர்த்தலாம். தொட்டி இல்லாவிடின் வாளி வாளியாக நீர் வார்த்து விசிறலாம். அறிவிழந்தவன் வாயிலே எதனையும் ஊற்றலாகாது.

ஓடுவோருக்கும் கூற ஒன்றுண்டு. ஆண்டு முழுவதும் சும்மா இருந்துவிட்டுப் புத்தாண்டன்று காலை சப்பாத்தைத் தேடுவோர் நம்மிடையே மிகப் பலர். வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கே பத்துப் பதினான்கு நாட்கள் செல்லும். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டு ஓடக்கூடிய வேகமே தொடக்கக்காரருக்கு உரிய வேகம். என் அனுபவத்தில், பேச்சு நின்றவுடன் நடப்பதே நல்லது. தண்ணீரையும் தாகத்துக்கு அளவாகக் குடித்தால் போதும். குடங்குடமாகக் குடிப்பதும் தீங்கே.

பெண்களைப் பற்றியும் ஒரு செய்தி. 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவிலே பெண்கள் 800 மீற்றர் ஓடினர். அத்தூரம் அவருக்கு ஆகாதென்று பின்னர் அதனை நீக்கி, 1960 வரை மீண்டும் சேர்க்காதிருந்தனர். பெண்களுக்கான ஒலிம்பிக் மரதன் 1984இலேதான் வந்தது. நம்மூர்களிலே இன்று பெண்களுக்குத் தனி மரதன் வைக்கும் கழகங்கள் பல உண்டு. ஆனால் அதிலே ஓடுவோர் பெரும்பாலும் பாடசாலைச் சிறுமியரே. மணமானபின் அவர்கள் ஏன் காணாமற்போகின்றனர் என்பது தனியே பேசவேண்டிய விடயம்.

என் ஊர்க் கழகத்தார் சென்ற சில ஆண்டுகளாக ஓட்ட ஒழுங்குகளை என் பொறுப்பிலே விட்டிருக்கின்றனர். விடிகாலை ஆறு மணித் தொடக்கத்துக்கு முதலாண்டிலே பெரும் எதிர்ப்பு இருந்தது. பார்க்க ஆட்கள் வரமாட்டார்கள் என்றனர். ஆட்கள் குறைவாகத்தான் வந்தனர். ஆனால் கோயிலுக்குப் பூப்பறிக்க எழுந்தவர்களும் பால் கொண்டு சென்றவர்களும் வேலியோரங்களில் நின்று பார்த்தனர். அவ்வாண்டு கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற தபாற்காரர்; வயது 67. அவருக்குப் பின்னால் சைக்கிளிலே வந்த இளைஞன் பாதிவழியில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரோடு நடந்து வந்தான். கயிறு கட்டியபடியே இருந்தது. மணி 7.25 என்று கொப்பியிலே எழுதினேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னருகே வந்து, கொப்பியை எட்டிப் பார்த்து, தாம் புறப்பட்டது ஆறு மணிக்கன்று, ஆறு மணி மூன்று நிமிடத்துக்கு என்று தர்க்கித்தார். திருத்தி எழுதிக் கொடுத்தேன்.