காதில் அழுக்கா, நரம்பா?

காலையில் எழுந்ததும் ஒரு காது ஙொய்யென்கிறது. போனை அந்தக் காதில் வைத்தால் பேச்சே விழவில்லை. எழுந்து நின்றால் வீடு சுற்றுகிறது. "பித்தம், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி" என்பார் ஒருவர். "காதுல அழுக்கு, எண்ணெய் காய்ச்சி ஊத்து" என்பார் இன்னொருவர்.

பாரிஸ் டாக்டர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான். இந்தத் தலைசுற்றலைப் பார்த்தால், மூளையில் ரத்தம் தேங்கிவிட்டது என்று சொல்லி ரத்தத்தை இறக்குவார்கள். காது கேளாதோர் பள்ளியின் மருத்துவர் புரோஸ்பர் மெனியேர்தான் 1861இல், கோளாறு உள்காதில் என்றார். மறு வருஷமே இறந்துபோனார், பாவம்.

இன்றும் டாக்டருக்கு முதல் சந்தேகம், அழுக்கா நரம்பா என்பதுதான். இசைக்கவையைத் தட்டி நடு நெற்றியில் வைப்பார். அழுக்கு என்றால் அடைத்த காதில்தான் சத்தம் பலமாகக் கேட்கும். நரம்பு என்றால் நல்ல காதுக்குப் போய்விடும். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள், புரியும்.

நரம்பு ஏன் கெட்டது? பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. ஆனாலும் ஸ்டீராய்டு மருந்தை இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடப் பார்ப்பார்கள். கூடவே நாக்குக் குழறினால், முகம் கோணினால் பக்கவாதமாக இருக்கலாம். அப்போது காது டாக்டரைத் தேட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.