திருவிழா மிட்டாய், வீட்டு அடுப்பில்

சங்கரன்கோவில் ஆடித்தபசு பார்த்துவிட்டுச் சுரண்டைக்குத் திரும்புகிறவர்கள் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம் இல்லாமல் வருவது அபூர்வம். அதை வீட்டிலும் சுடலாம்.

4 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து. ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக ஆட்டுங்கள். மாவு நீர்த்தால் எண்ணெய் குடிக்கும்.

கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, பிசுபிசுப்புப் பதத்தில் பாகை இறக்குங்கள்.

கெட்டித் துணியில் சிறு ஓட்டை போட்டு, மாவை எண்ணெயில் வட்டமாகப் பிழியுங்கள். மொறுமொறுவென்று வெந்ததும் சூட்டோடு பாகில் முக்குங்கள். ஆட்டும்போது உளுந்து பிடித்துவைத்த காற்றுதான் உள்ளே குழல்விடுகிறது. பாகு தங்குவதும் அங்கேதான். பாகு ஆறி இறுகினால் உள்ளே ஏறாது, லேசாகச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிழிந்து பாருங்களேன்.