பூர்வீக நாட்டில் ஆங்கில வாத்தியார் வேலை
(பெருநகர் பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள், தங்கள் பாட்டன் பூட்டன் பிறந்த ஊரைத் தேடி வந்து, கூலி வாங்காமல் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி இன்று நம்மைப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நாம் உட்கார்ந்துவிடலாம். ஆனால் விளக்குப் போட்டு, மேடை போட்டு, காஞ்சிபுரம் சாலையிலும் வந்தவாசி சாலையிலும் தமுக்கடித்து உங்களைக் கூட்டியவர்கள் அதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். தவிரவும், நல்ல காரியம் என்று சொல்லப்படுவதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தோழர்களே! முதலாவது, இந்தப் பிள்ளைகளுடைய பூட்டன்மார் ஏன் இந்த நாட்டைவிட்டுப் போனார்கள்? ஊர் பார்க்கவா போனார்கள்? 1860-ம் வருஷம் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் போய் நின்றது. அதில் போனவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகள். 1903-ம் வருஷம் முதல் நம்மவர்கள் பீஜித் தீவுக்கும் போனார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணி பிடித்துக்கொண்டு போனான். இங்கே உழுகிற நிலம் அவனுடையதல்ல, குடியிருக்கிற மனை அவனுடையதல்ல, குடிக்கிற கிணறு அவனுடையதல்ல. அதனால் போனான். நேட்டாலுக்கும் பீஜிக்கும் போனவன் ஐந்து வருஷ ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைத்தான். அக்ரிமெண்ட் என்ற ஆங்கில வார்த்தை அவன் வாயில் 'கிரிமிட்' ஆயிற்று. அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க அவனுக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கே வருவோம்.

அவனுடைய பேரப் பிள்ளைகள் இன்று ஆங்கிலம் பேசிக்கொண்டு இங்கே வருகிறார்கள். தமிழ்நாட்டு அரசாங்கமும் 2023-ல் 'வேர்களைத் தேடி' என்று ஒரு திட்டம் போட்டு, அயல்நாட்டுத் தமிழ் வாலிபர்களை அழைத்து வந்து நாட்டைச் சுற்றிக் காட்டுகிறது. காட்டட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் எதைக் காட்டுவது? பக்கத்து உத்திரமேரூருக்கு வருகிறவனிடம், கி.பி. 919, 921-ம் வருஷத்துப் பராந்தக சோழன் கல்வெட்டுகளைக் காட்டி, "பார், குடவோலை! உலகத்துக்கு ஜனநாயகம் கற்பித்தவர்கள் நாம்!" என்கிறோம். அதே கல்வெட்டில், வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டியவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேத மந்திரம் ஓதிச் சொல்லத் தெரிய வேண்டும் என்று வெட்டியிருக்கிறதே, அதை யார் வாசித்துக் காட்டுகிறார்கள்? நேட்டாலுக்குப் போனவனுடைய மூதாதை அந்தக் குடத்துக்குப் பத்தடி தூரத்திலாவது நின்றிருப்பானா? வேரைத் தேடி வருகிறவனுக்கு வேரைத்தான் காட்ட வேண்டும். பூவை மட்டும் காட்டி அனுப்பக் கூடாது.

சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதைவிட, வந்தவன் ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து நாலு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குவது மேல். மற்ற தேசத்தார் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தைவான் அரசாங்கம் 2006 முதல் வெளிநாட்டில் வளர்ந்த தன் இனத்து வாலிபர்களைக் கோடை விடுமுறையில் வரவழைத்து, ஒரு வாரம் பாடம் நடத்தும் முறையைக் கற்பித்து, பிறகு இரண்டு வாரம் பின்தங்கிய ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க அனுப்பியது. ஊர் சுற்றிப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கொரியாவிலும் 2008-ல் தொடங்கிச் சில வருஷங்கள் இப்படி நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு ஆட்களை வரவழைத்தார்கள். நமது நாட்டிலும், இந்தியாவின் மின்-சுற்றுலா விசாவில் வருகிறவர் பணம் வாங்காமல் ஒரு மாதத்துக்கு மேற்படாமல் தொண்டு செய்ய இடமிருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்குப் பொருளோ உழைப்போ கொடுக்க நினைப்பவர்களுக்காக 'நம்ம ஸ்கூல்' என்ற ஏற்பாடு 2022 டிசம்பரில் ஆரம்பிக்கப்பட்டது. ஆகவே வழி இல்லை என்று சொல்ல முடியாது.

சிலர், "ஆங்கிலம் எதற்கு? தமிழ் போதாதா?" என்பார்கள். இப்படிக் கேட்கிறவர்களுடைய பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். ஆங்கிலம் யாரிடம் முதலில் சேர்ந்ததோ அவர்களிடம் உத்தியோகம் சேர்ந்தது. 1912-ல் சென்னை மாகாணத்தில் இருந்த 128 காயம் ஜில்லா முன்சீப்புகளில் 93 பேர் பார்ப்பனர்கள். ஜனத்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். இது மூளை வித்தியாசமல்ல. ஏணி யார் வீட்டில் சாத்தியிருந்தது என்கிற வித்தியாசம். 1968-ல் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று இந்த நாட்டுச் சட்டசபையும் தீர்மானித்தது.

ஆனால் ஆங்கிலத்தையும் ஒரு சாமியாக்கிவிடாதீர்கள். 2010-ல் உத்தரப் பிரதேசத்தில் பங்கா என்ற கிராமத்தில் ஆங்கிலத்துக்கே ஒரு தேவியை உண்டாக்கி, கையில் பேனாவும் கொடுத்து, கம்ப்யூட்டரைப் பீடமாக்கிக் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். தாழ்த்தப்பட்ட மக்களைப் படிக்க வைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். இருந்தாலும், நமக்குச் சாமி பஞ்சமா? இந்த ஊர்ச் சேயாற்றில் தைப்பூசத்தன்று சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் பல்லக்கேறி வந்து கூடுகின்றனவே, எந்தச் சாமியாவது ஒரு பிள்ளைக்கு ஓர் எழுத்துச் சொல்லிக் கொடுத்ததுண்டா?

இனி நாம் நேரில் கண்ட ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். ஊர் பெயர் வேண்டாம், இந்த ஜில்லாதான். சில வருஷங்களுக்கு முன் மலேசியாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது. அவளுடைய பாட்டனாரின் தகப்பனார் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஒரு மாதம் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன் என்றாள். நாமும் இரண்டொரு தோழர்களும் ஏற்பாடு செய்தோம். இடம், ஊர் நூலகத்துத் தாழ்வாரம், நேரம், சாயந்திரம். முதல் வாரம் நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். ஊரே அவளைக் கொண்டாடிற்று. வீட்டுக்கு வீடு காப்பி.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஒரு பெரியவர், "உங்க பூட்டனார் இந்த ஊர்லே எந்தத் தெருவும்மா?" என்று கேட்டார். அவள் கள்ளமில்லாமல், வீட்டில் சொல்லக் கேட்டிருந்த தெருவைச் சொன்னாள். அது சேரி. மறுநாள் பதினேழு பிள்ளைகள்தான் வந்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் வயிற்று வலி! காப்பியும் நின்றுவிட்டது. இதைவிட வெட்கமானது ஒன்று உண்டு. அவள் தங்கியிருந்த வீட்டுக்காரர் நம் கூட்டத்துக்கெல்லாம் வந்து முன்வரிசையில் உட்காருகிறவர். அவரும், "உறவுக்காரர் வருகிறார்கள், அறை வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அவரை நல்ல மனிதர் என்று நம்பி ஏற்பாடு செய்தவர்கள் நாம்தான். வீட்டை விசாரிக்காமல் வாய்ப்பேச்சை நம்பியது நமது தப்பு.

அந்தப் பெண் நம்மிடம், "ஐயா, அங்கே என்னை ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?" என்றாள். அதற்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை. தோழர்களில் சிலர், வகுப்பைச் சேரிக்கே மாற்றிவிடலாம், வம்பில்லை என்றார்கள். நாம் கூடாது என்றோம். நூலகம் பொதுச் சொத்து. அதை விட்டுக் கொடுத்தால் பிறகு கிணறு, சுடுகாடு எல்லாவற்றையும் விட்டுக் கொடுக்க வேண்டியதுதான். அவளும் அப்படியே பிடிவாதமாக நின்றாள். சேரியில் ஒரு கிழவி வீட்டில் சாப்பாடு, படுக்கை, தாழ்வாரத்தில் பாடம்.

அவள் சொல்லிக் கொடுத்த முறை நமக்குப் பிடித்திருந்தது. பாட்டும் கைதட்டலும் சொற்பம். பூச்சிமருந்து டப்பாவில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னாள். பாங்கிக் காகிதத்தை நிரப்பச் சொன்னாள். துபாய்க்கு வேலைக்குப் போக இருந்த ஒரு வாலிபன் தன் ஒப்பந்தக் காகிதத்தைக் கொண்டு வந்தான். ஏஜெண்டு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவனையே வரிக்கு வரி வாசிக்க வைத்தாள். வாயால் சொல்லப்பட்ட சம்பளம் வேறு, காகிதத்தில் இருந்த சம்பளம் வேறு. அவன் கையெழுத்துப் போடவில்லை. கைநாட்டு வைத்த கிரிமிட்டுக் கூலிக்கும் இவனுக்கும் நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் மட்டும் போகவில்லை பாருங்கள்!

இந்தச் செய்தி பரவிய பிறகு பெரிய தெருவிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதலில் திரும்பி வந்தாள். பிறகு நாலு பேர், ஐந்து பேர். கடைசி நாளில் இருபத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். பாக்கிப் பிள்ளைகள் வரவேயில்லை. அந்தப் பெரியவரும் மாறிவிடவில்லை; மாறிவிட்டார் என்று சொன்னால் கதை நன்றாயிருக்கும், ஆனால் பொய்யாயிருக்கும்.

ஆகையால், இப்படி வருகிறவர்களை வரவேற்பதற்கு முன் நாம் செய்ய வேண்டியது சில உண்டு. ஒரு மாதத்தில் யாருக்கும் ஆங்கிலம் வந்துவிடாது; வருகிறவர் நம் பள்ளிக்கூட உபாத்தியாயருக்குப் பதில் அல்ல, துணை. அவர் போன பிறகும் வாரம் இரண்டு சாயந்திரம் அந்தத் தாழ்வாரத்தில் விளக்கெரிய உள்ளூர் வாலிபர் இருவர் பொறுப்பேற்க வேண்டும். வருகிறவர் இங்கு அடியெடுத்து வைக்குமுன்பே, இந்த ஊர் அவரை என்ன கேட்கும் என்பதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். தங்குவதற்கு வீடு கொடுக்கிறவர், "நீ எந்தத் தெரு?" என்று கேட்காதவராகவும், கேட்டவருக்குத் தம் வாசலிலேயே பதில் சொல்லக் கூடியவராகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீடு இந்தப் பெருநகரில் இருக்குமானால், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து பெயரைக் கொடுங்கள். நோட்டுப் புஸ்தகத்தோடு நாம் அங்கேதான் இருப்போம்.