பிள்ளையின் ஊருக்கே வரட்டும் சேவை



தமிழ்நாட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குத் திட்டங்களே இல்லை என்று சொல்வதற்காக இந்த மேடை போடப்படவில்லை. திட்டங்கள் இருக்கின்றன. சட்டம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவும் இருக்கிறது. இவ்வளவும் இருக்கும்போது, எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு தாய் ஏன் இன்னும் மூன்று பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்குப் போகிறாள்? அந்தக் கேள்விக்குப் பதில் கேட்கத்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

இரண்டு வயதாகியும் பேச்சு வராத ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்கிறது வீடு. "அவங்க தாத்தாவே அஞ்சு வயசுலதான் வாயத் தெறந்தாரு" என்கிறது சொந்தம். மூன்று வயதில் அங்கன்வாடி டீச்சருக்குச் சந்தேகம் வருகிறது. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயதுப் பிள்ளை வரை பரிசோதிக்க மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்ற ஏற்பாடு உண்டு. தாய் அங்கே போகிறாள். பரிசோதிக்கிறார்கள். "வாரத்துல ரெண்டு நாள் தெரபிக்குக் கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு நாள் சம்பளம் போயிற்று. பஸ் இலவசம் என்றாலும் நாள் இலவசமில்லை. வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறது, அதற்குப் பள்ளி விடும் நேரம் இருக்கிறது. இரண்டு மாதம் தாக்குப் பிடிக்கிறாள். பிறகு நின்றுவிடுகிறாள். மையத்தின் பதிவேட்டில் என்ன எழுதுவார்கள்? 'பெற்றோர் அழைத்து வரவில்லை' என்றுதான் எழுதுவார்கள். குறை எங்கே இருந்தது, பழி யார் மேல் விழுந்தது என்று பாருங்கள்!

அதற்குப் பிறகும் அலைச்சல் முடிவதில்லை. மருத்துவ மதிப்பீட்டு முகாம், அங்கே எத்தனை சதவீதம் பாதிப்பு என்ற சான்று, அதை வைத்துத் தனித்துவ அடையாள அட்டை, அந்த அட்டையை வைத்து மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும் 'நிராமயா' காப்பீடு இருக்கிறது. அதைப் பற்றி அவளிடம் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. பிள்ளைக்கு 18 வயது முடிந்தால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்று வாங்கிக்கொள்ளலாம். அதையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மா சொல்லித்தான் அவள் தெரிந்துகொள்கிறாள்.

எத்தனை துறைகள் என்று எண்ணிப் பாருங்கள். அங்கன்வாடி சமூக நலத் துறை. ஆஸ்பத்திரி மக்கள் நல்வாழ்வுத் துறை. அட்டையும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக் கல்வித் துறை. வருமானச் சான்று வருவாய்த் துறை. பஸ் சலுகை போக்குவரத்துத் துறை. ஆறு துறைகள்! பிள்ளை பிறந்த கதையை ஆறு இடத்திலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆறு இடத்திலும் அதே ஜெராக்ஸ் கட்டை நீட்ட வேண்டும். இந்த ஆறையும் இணைக்கும் அதிகாரி யார்? இன்றைக்கு அந்த வேலையைப் பார்ப்பவள் அந்தத் தாய்தான், சம்பளமில்லாமல்.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். 2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த வகைகளை அது 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றன. பிரிவு 16 என்ன சொல்கிறது? அரசு நிதி பெறும் பள்ளி மட்டுமல்ல, அரசின் அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே "எங்க ஸ்கூல்ல இதுக்கெல்லாம் வசதி இல்லீங்க, வேற எடம் பாருங்க" என்று ஒரு தனியார் பள்ளி சொன்னால், அந்தப் பேச்சே சட்ட விரோதம். பிரிவு 31, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. அது அருகிலுள்ள பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பதைக் குடும்பம் தேர்ந்தெடுக்கும். பிரிவு 17, பள்ளி வயதுக் குழந்தைகளை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, அவர்களுக்கு என்ன தேவை, அது எவ்வளவு கிடைத்தது என்று பார்க்கச் சொல்கிறது.

கணக்கு ஏன் முக்கியம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, தமிழ்நாட்டில் 11.79 லட்சம். அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் இருந்தவை எட்டே வகைகள். ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. எழுத்துகள் இடம் மாறித் தெரிகிற, ஆனால் கதை கேட்டால் கண் விரியக் கேட்கிற பிள்ளைக்கும் கட்டம் இல்லை. அந்தப் பிள்ளை வகுப்பில் 'மக்கு' என்ற பெயரோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. எண்ணப்படாத பிள்ளைக்கு யார் நிதி ஒதுக்குவார்கள்?

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அதையும் இந்த மேடை சொல்லியாக வேண்டும். சமூகப் பாதுகாப்பைப் பேசும் பிரிவு 24, தீவிர உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை வரை பட்டியலிடுகிறது. ஆனால் தொடக்கத்திலேயே 'பொருளாதாரத் திறனின் எல்லைக்கு உட்பட்டு' என்று ஒரு வரியைப் போட்டுவைத்திருக்கிறது. குடும்பத்தின் பொருளாதாரத் திறனுக்கு எல்லை உண்டா என்று யாரும் கேட்கவில்லை! நகைநட்டு அடகுக்குப் போகிறது. அம்மா வேலையை விடுகிறாள். அப்பா இரண்டாவது வேலை தேடுகிறார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள்.

பள்ளிக்கு வருவோம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்கள் இயங்குகின்றன. அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டும். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போக வேண்டும். இந்த வாரம் போன வீட்டுக்கு மறுபடி எப்போது போவார் என்பது அவருக்கே தெரியாது. ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தத்திலும் தொகுப்பூதியத்திலும் அவர்களை வைத்திருக்கிறார்கள்.

2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கையில் எடுத்தது. அதன்பின் வந்த அளவுகோல்: தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஓர் ஆசிரியர். 2025 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மீண்டும் கண்டிப்புடன் பேசியது. எத்தனை பணியிடங்கள் தேவை என்று ஒவ்வொரு மாநிலமும் அறிவிக்க வேண்டும், நிரந்தர நியமனத்தைத் தொடங்க வேண்டும், ஏற்கெனவே ஒப்பந்தத்தில் உழைப்பவர்களின் தகுதியைக் குழு அமைத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சிறப்புப் பயிற்றுநரின் வேலைப் பாதுகாப்பை அவருடைய சங்கத்தின் சொந்தக் கோரிக்கை என்று ஒதுக்காதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒரு முகத்தை நம்புவதற்கே மாதங்கள் ஆகும். அந்த முகம் அடுத்த ஜூனில் மாறிவிட்டால் அத்தனை மாதமும் வீண்.

பணத்தைப் பற்றிப் பேசுவோம். ஒருங்கிணைந்த கல்வித் திட்ட விதிகளின்படி ஒரு சிறப்புக் குழந்தைக்கான தனிச் செலவு வரம்பு ஆண்டுக்கு 3,500 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 300 ரூபாய்கூட வராது. மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் ஊக்கத்தொகை, அதுவும் பத்து மாதத்துக்கு. இந்தத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் தர வேண்டும். 2024–25இல் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. கொள்கைச் சண்டையை டில்லியும் சென்னையும் நீதிமன்றத்தில் போட்டுக்கொள்ளட்டும். பேச்சுப் பயிற்சிக்குக் காத்திருக்கும் குழந்தையின் பங்கை அதில் பிணையாக வைக்க எந்த அமைச்சகத்துக்கும் உரிமை இல்லை. மாநில அரசும் 'மேலிருந்து வரவில்லை' என்ற பதிலோடு நின்றுவிடக் கூடாது.

இந்த நாட்டில் சிறப்புக் குழந்தைகளுக்கான சேவைகளில் பெரும்பகுதியைத் தொடங்கிவைத்தவர்கள் அமைச்சர்கள் அல்ல, பெற்றோர்கள். 1972இல் மும்பையில் இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தைத் தொடங்கிய மிது அலூர், பெருமூளை வாதம் கொண்ட ஒரு மகளின் தாய். 1985இல் சென்னையில் இன்றைய 'வித்யா சாகர்' பிறக்கக் காரணமான பூனம் நடராஜனும் அப்படி ஒரு தாய்தான். அவர்களை வணங்குவோம். ஆனால் தன் பிள்ளை படிக்க ஒரு நிறுவனத்தையே நிறுவும் வசதி எத்தனை தாய்மார்களுக்கு வாய்க்கும்?

ஊரிலேயே சேவை தர முடியாது என்பவர்கள் தென்காசி மாவட்டம் ஆய்க்குடிக்குப் போய்வர வேண்டும். கல்லூரிக் காலத்தில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் தசைச் சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர் சங்கரராமன் அவரோடு சேர்ந்தார். அந்தச் சங்கம் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களைக் குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்புகிறது. பயிற்சி முறையை அம்மாவுக்குக் கற்றுத்தருகிறார்கள். முன்னேற்றத்தைச் செயலியில் பதிகிறார்கள். தெரபி வல்லுநர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். நிபுணர் ஊருக்கு ஒருவர் இல்லை என்பது உண்மை. நிபுணரின் அறிவு ஊருக்குள் வரலாம் என்பதும் உண்மை. ஆய்க்குடியில் ஒரு சங்கத்தால் முடிந்தது, லட்சக்கணக்கான ஊழியர்களை வைத்திருக்கும் அரசால் முடியாதா?

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2004இல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூர் ஊராட்சியில் முதல் 'பட்ஸ்' பள்ளி தொடங்கியது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளிகளை உள்ளாட்சி அமைப்புகள் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் துணையோடு நடத்துகின்றன. சாலைக்கும் குழாய்க்கும் பொறுப்பான அதே ஊராட்சி, இந்தப் பிள்ளைக்கும் பொறுப்பு. நம் ஊராட்சித் தலைவர்களிடம் தெருவிளக்கு எரியவில்லை என்றால் கேட்கிறோம்; பிள்ளைக்குத் தெரபி இல்லை என்றால் யாரிடம் கேட்பது?

தமிழ்நாடு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. பிள்ளைகளின் குறைபாட்டை ஆசிரியர்களே முன்கூட்டிக் கண்டறிய 'நலம் நாடி' செயலி வந்தது. 2022இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்த 'உரிமைகள்' திட்டத்தில், பல சேவைகளை ஓரிடத்தில் தரும் 'விழுதுகள்' மையங்கள் வந்தன. வரவேற்போம். ஆனால் கடன் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. பிள்ளையின் தேவைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. இந்த மையங்கள் மாநில அரசின் சொந்த நிதியில், நிரந்தரப் பணியாளர்களோடு ஒன்றியந்தோறும் நிலைக்க வேண்டும்.

"இந்தப் பிள்ளைங்கள சேர்த்தா மத்த பிள்ளைங்க படிப்பு கெடும்" என்பவர்களுக்கும் ஒரு பதில். 40 பேர் உள்ள வகுப்பில் உதவிக்கு ஆளில்லாமல் ஓர் ஆசிரியரைத் தனியே விட்டால் எல்லாப் பிள்ளைகளின் படிப்பும் கெடும். அதற்குக் காரணம் ஆள் போடாதவர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தின்படி, தீவிர பாதிப்புள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. அது குடும்பத்தின் தேர்வு. சாய்தளமும் கழிப்பறையும் கட்டாத பள்ளி, பிள்ளையை வீட்டோடு நிறுத்திவைக்க அதைச் சாக்காகச் சொல்ல விடக் கூடாது.

ஆகவே இந்தக் கூட்டம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. ஒன்றியத்துக்கு ஓர் அலுவலர், ஆறு துறைகளிலும் குடும்பத்தின் சார்பில் பேசும் அதிகாரத்தோடு நியமிக்கப்பட வேண்டும். ஒரு முறை சொன்ன கதையை அந்தக் குடும்பம் மறுபடி சொல்லக் கூடாது. ஒவ்வொரு அங்கன்வாடியின் சுவரிலும் பள்ளியின் சுவரிலும் என்னென்ன சேவை, யார் தருவார், எந்தக் கிழமை வருவார், வராவிட்டால் யாரிடம் புகார் செய்வது என்று தமிழில் எழுதிவைக்க வேண்டும். உச்ச நீதிமன்ற அளவுகோலின்படி சிறப்பாசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். பராமரிக்கும் தாய்க்கும் தந்தைக்கும் தனி உதவித்தொகை வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கிராம சபைக்கு இங்கிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் பிள்ளையோடு போக வேண்டும். ஊரில் எத்தனை சிறப்புக் குழந்தைகள், அவர்களில் எத்தனை பேர் பள்ளியில், எத்தனை பேருக்கு அட்டை, கடந்த மூன்று மாதத்தில் சிறப்புப் பயிற்றுநர் எத்தனை முறை வந்தார் என்ற நான்கு கேள்விகளையும் எழுத்தில் கொடுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நகல் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்த நகல்களையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரைப் பார்க்க எல்லாரும் ஒன்றாகப் போவோம்.